வெள்ளைக்கரு

எட்டாம் அறையின் சாவியைக் கொடுக்கும்போது
கணக்கர் வயிரவன் மூன்று விதி சொன்னார்.
முற்றத்தில் துணி காயப்போடக் கூடாது.
ராத்திரி பத்துக்கு மேல் அழக் கூடாது,
பிள்ளைகளைச் சொல்லலை, உங்களைத்தான்.
மூன்றாவது எனக்கு மறந்துவிட்டது.

காரைக்குடியில்
மணமான ஒவ்வொரு மகனுக்கும் ஒன்றென்று
யாரோ வரிசையாய்க் கட்டிவைத்த அறைகள்.
இப்போது ஒவ்வொன்றிலும்
ஒரு பிள்ளை, ஒரு ஃபைல்,
கதவுக்கு வெளியே ஒரு ஜோடி பெரிய செருப்பு.
வாடகை கிடையாது.
நோட்டில் ஊர், பேர், நோயின் பேர்.
நோயின் பேரை எனக்கு எழுத வரவில்லை.
அவரே எழுதிக்கொண்டார்,
பார்க்காமல், பழகிய கையெழுத்தில்.

டாக்டர் செவ்வந்தியின் கணுக்காலை அழுத்தினார்.
அந்தக் குழி நிரம்ப நேரமானது.
'முட்டையில வெள்ளைக்கரு இருக்குல்ல?
அந்த மாதிரி ஒரு சத்து
ஒண்ணுக்கு வழியா ஓடிப்போயிட்டிருக்கு.
ஆறு வயசு உடம்பு, பிடிச்சு வைக்கத் தெரியலை.'

அன்று சாயங்காலம் புதிதாய் வந்த குடும்பத்துக்கு
வயிரவன் சுவரைத் தட்டிக் காட்டிக்கொண்டிருந்தார்:
சுண்ணாம்பு அரைத்து, முட்டை வெள்ளைக்கரு கலந்து பூசியது,
நூறு வருஷம், ஒரு பொட்டு உதிரலை.
எல்லோரும் தடவிப் பார்த்தார்கள்.
விளக்கணைத்த பின்
அறையின் மூலையில்
நகத்தால் சுரண்டிப் பார்த்தேன்.
வரவில்லை.

திருவாடானையில் என் மனைவி
இருபது நாள் சிசுவோடு படுத்திருக்கிறாள்.
அதனால் இந்தச் சமையல்கட்டில்
நான் ஒருவன்தான் ஆம்பளை.
டிராக்டர் ஓட்டிய கையால்
விடிகாலையில் கண்ணாடிக் குழாயைப் பிடித்து
மகளின் மூத்திரத்தைக் காய்ச்சுவேன்.
மேலே மெல்ல வெளுக்கும்,
பிறகு மோராய்த் திரியும்.
நோட்டில் தேதி போட்டு
மூன்று கூட்டல் குறி.
பள்ளிக்கூடத்தில் எனக்கு வந்த ஒரே கணக்கு கூட்டல்தான்.

உப்பில்லாத சோறு அவளுக்குத் தனியாய் வரும்.
தட்டைத் தள்ளுவாள். மாத்திரை ஏறியதும்
அதையே இரண்டு தடவை கேட்பாள்.
முகம் பூசணிக்காயாய் உருண்டது.
கழனிவாசல் கடையில் ஒருத்தர் கன்னத்தைக் கிள்ளி
'புள்ளையை நல்லா வளர்த்திருக்கீங்க' என்றார்.
ஆமாம் என்றேன்.

உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள்.
பத்தொன்பது நாள்
உப்பே போடாமல் சோறு போட்டவர்களை
எந்தக் கணக்கில் நினைப்பது?

அந்த வாரம்
ஒரு கூட்டல். பிறகு வெறும் புகை மாதிரி.
பிறகு ஒரு காலை, காய்ச்சக் காய்ச்சத்
தண்ணீராகவே இருந்தது.
தீயில் இன்னும் கொஞ்சம் பிடித்தேன்,
பொய் சொன்னால் அதட்டிக் கேட்பதுபோல்.
மறுநாளும் தெளிவு. மூன்றாம் நாளும்.

அதே அடுப்பில், அதே நேரம்
அறந்தாங்கி ஜெஸிந்தாவின் குழாய்
அடிவரை கெட்டியாய் உறைந்திருந்தது.
அவள் மகனுக்கு இது நாலாவது தடவை.
நான் என்னுடையதைச் சட்டைப்பைக்குள் விட்டேன்.
சுட்டது.
'மறைக்காதீங்கண்ணே, காட்டுங்க' என்றாள்.
வாங்கி
முற்றத்து வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து
ரொம்ப நேரம் பார்த்தாள்,
தன் பிள்ளையுடையதைப் பார்ப்பதுபோல்.
பிறகு தன் குழாயை மட்டும் கழுவப் போனாள்.

திரும்ப வரக்கூடும் என்றார் டாக்டர்,
சளி பிடித்தால், காய்ச்சல் வந்தால், சும்மாவும்.
குழாயைத் துணியில் சுற்றிப் பையில் வைத்தேன்.

சாவியை வாங்கிய வயிரவன்
நோட்டில் கோடு போட்டார்.
செவ்வந்தி கைகாட்டி 'போயிட்டு வர்றோம்' என்றாள்,
வீட்டில் சொல்லிப் பழகியபடி.
அவர் பதில் சொல்லவில்லை.
வாசல் தாண்டும்போதுதான்
மூன்றாவது விதி ஞாபகம் வந்தது.
இந்த வீட்டில் அப்படிச் சொல்லக் கூடாது.

'போங்க' என்றார் பின்னாலிருந்து.
'போங்க, போங்க.'